புழு கடித்ததும் தக்காளிச் செடி என்ன செய்கிறது? – கேள்வி பதில்

கே: அக்கா, கத்தரிக்கோலால் வெட்டினாலும் புழு கடித்தாலும் இலைக்கு ஒன்றுதானே?

ப: இல்லை தம்பி. இலை எப்படிக் கிழிந்தாலும் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற செடி ஹார்மோன் ஊறும். அப்புறம் கடிபடாத இலைகளில்கூட ஒரு புரதம் சேரும். அது புழுவின் வயிற்றில் செரிமான நொதிகளை மடக்கிவிடும். தின்றது உடம்பில் ஒட்டாது, புழு வளராது. கிரீன், ரயன் என்ற ஆய்வாளர்கள் 1972-இல் தக்காளியிலும் உருளைக்கிழங்கிலும் இந்தப் புரதம் சேர்வதைக் காட்டினார்கள்.

எச்சில் சேர்ந்தால் இன்னொன்றும் நடக்கும். மக்காச்சோளம் தின்னும் புழுவின் வாய்நீரிலிருந்து 1997-இல் வாலிசிட்டின் என்ற பொருளைப் பிரித்தார்கள். அதை நாற்றுக்குக் கொடுத்ததும், புழுவே இல்லாமல், புழு கடித்தபோது வரும் வாசனையைச் செடி விட்டது. அந்த வாசனை பிடித்துத்தான் ஒட்டுண்ணிக் குளவி வந்து புழுவுக்குள் முட்டையிடுகிறது. மருந்து அடித்தால் முதலில் போவது இந்தக் குளவிதான்.

கே: என்ன மருந்து அடிக்கலாம்?

ப: நாலைந்து புழு என்றால் கையால் பொறுக்குங்கள்.

கே: அப்படியானால் நாம் சாப்பிடும் செடியிலும் விஷம் இருக்குமா?

ப: கடுகை வாயில் அப்படியே விழுங்கிப் பாருங்கள், காரம் தெரியாது. அரைத்தால் மூக்கில் ஏறும். தனித்தனியாக இருக்கும் இரண்டு பொருள்கள் நசுங்கும்போதுதான் கலக்கின்றன. புழு கடித்தாலும் அதேதான். காய்ந்த எண்ணெயில் வெடித்த கடுகில் நொதி செத்துவிடுவதால் அந்தக் காரம் வராது. பயப்பட வேண்டாம்.

கே: செடிகள் ஒன்றோடொன்று பேசுகின்றன என்று சொல்லலாமா?

ப: நான் சொல்லமாட்டேன். ஒட்டுக்கேட்கின்றன என்பேன். மரிக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு அமெரிக்கப் புதரைத் தக்காளியோடு மூடிய பெட்டியில் வைத்தார்கள், 1990-இல். அதன் வாசனை பட்டே தக்காளியில், புழுவின் செரிமானத்தை மடக்கும் அந்தப் புரதம் ஊறியது.

கே: மூடிய பெட்டியில் எதுவும் நடக்கும் அக்கா. திறந்தவெளியில் காற்று கலைத்துவிடாதா?

ப: நியாயமான கேள்வி. கலிஃபோர்னியாவில் அதே புதரை வெட்டிவிட்டுப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற காட்டுப் புகையிலையில் இலைச்சேதம் குறைந்தது. 2000-இல் வெளியான ஆய்வு. ஆனால் புதர் புகையிலைக்காக அந்த வாசனையை விட்டது என்பதற்கு இதில் ஆதாரம் இல்லை. அதனால்தான் பேச்சு என்ற சொல்லை ஏற்க மனம் வரவில்லை.

கே: வெள்ளை ஈக்கும் இதே கதையா?

ப: இல்லை. அது கடிக்காது, சாற்றை உறிஞ்சும். செடியில் சாலிசிலிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோனைத் தூண்டி, ஜாஸ்மோனிக் வழியை அமுக்கிவிடும்.

கே: புழுவுக்கு நல்ல மருந்து சொல்லுங்கள்.

ப: மேலே சொல்லிவிட்டேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: புழுவின் மேல் அரிசி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. முட்டையா? நசுக்கட்டுமா?

ப: வேண்டவே வேண்டாம் அம்மா! அவை குளவியின் கூட்டுப்புழுக் கூடுகள். அந்தப் புழு இனி பிழைக்காது. குளவி வெளியே வரும்வரை அந்த இலையைத் தொடாதீர்கள், மருந்தும் தெளிக்காதீர்கள்.