தாத்தாவின் அம்பாசிடர் இன்ஜினை நானே பிரிக்கலாமா?

திருச்சி வாசகர் ஒருவரின் கேள்வி: "தாத்தா ஓட்டிய 1978 அம்பாசிடர் மார்க் 3, பெட்ரோல் வண்டி. ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் நீலப் புகை தள்ளுகிறது, மேட்டில் இழுவை இல்லை. எனக்கு மெக்கானிக் வேலை பழக்கமில்லை. இன்ஜினை நானே பிரித்துச் சரிசெய்ய முடியுமா?"

முடியும். கற்றுக்கொள்ள அருமையான இன்ஜின் அது. பிரிட்டனின் பிஎம்சி உருவாக்கிய பி-சீரிஸ், 1489 சிசி, நாலு சிலிண்டர். பிளாக்கும் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்) ஹெட்டும் (அதன் மேல் பூட்டும் மூடி) வார்ப்பிரும்பு, எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது. பிரிப்பது, கழுவுவது, பூட்டுவது எல்லாம் நீங்கள் செய்யலாம். போர் போடுவதும் (சிலிண்டரின் உட்துளையைக் கடைவது) கிராங்க் கிரைண்டிங்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டைத் தேய்த்துச் சரிசெய்வது) பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கேஜ் வைத்துப் பாருங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங்கோ (பிஸ்டனைச் சுற்றிய வளையம்) போரோ தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வைச் சந்தேகப்படுங்கள். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் புகை வந்தால் பெரும்பாலும் வால்வு கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்) தேய்ந்திருக்கும். அப்படியானால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், இன்ஜினை இறக்கவே வேண்டாம்.

இந்த இன்ஜினில் புதியவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. ராக்கர் ஷாஃப்டை (வால்வுகளை அழுத்தும் ராக்கர்களைத் தாங்கும் தண்டை) பிடிக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ராக்கரைத்தானே கழற்றுகிறோம் என்று அவற்றை மட்டும் தளர்த்தினால் ஹெட் கோணலாகலாம், தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கலாம். முதலில் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, ஹெட் நட்டுகள் அத்தனையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைப்பது), மெயின் பேரிங் (கிராங்கைத் தாங்குவது) ஆகியவற்றின் கேப்கள் ஒன்றுக்கொன்று மாறக் கூடாது, திருப்பியும் போடக் கூடாது. கழற்றும்போதே சென்டர் பஞ்சால் அடையாளம் வையுங்கள்.

பிஸ்டனை அவசரப்பட்டு வாங்காதீர்கள். போரை மேலே, நடுவே, கீழே அளந்த பிறகுதான் 20 சைஸா 40 சைஸா (அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு பெரிய பிஸ்டன்) என்பது தெரியும். அதன்பின் பிஸ்டனை வாங்கிப் பட்டறையில் கொடுங்கள். அதை அளந்துதான் அவர்கள் போரை முடிக்க வேண்டும். பேரிங் செல்லும் (பேரிங்குக்குள் வைக்கும் மெல்லிய அரைவட்டத் தகடு) அப்படித்தான், கிராங்கை அளக்காமல் வாங்கக் கூடாது.

பட்டறையிலிருந்து வந்த பிளாக்கை எத்தனை முறை கழுவினாலும் தகும். ஹோனிங் (போரைக் கல்லால் தேய்த்து முடிப்பது) செய்த தூள் பெட்ரோலிலோ டீசலிலோ முழுசாகப் போகாது. சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, ஆயில் வழிகளுக்குள் பிரஷ் விட்டு, உடனே காயவைத்து ஆயில் பூசுங்கள். வெள்ளைத் துணியால் போரைத் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டக் கூடாது. அந்தத் தூள் தங்கிவிட்டால் புது ரிங்கும் பேரிங்கும் சீக்கிரமே தேய்ந்துவிடும். என்னைக் கேட்டால் டார்க் ரெஞ்சைவிட (நட்டை அளவான பலத்தில் இறுக்கும் ஸ்பேனர்) முக்கியமான வேலை இதுதான்.

அப்புறம் பூட்டும்போது ஒவ்வொரு ரிங்கையும் போருக்குள் வைத்து அதன் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள், 0.2 முதல் 0.3 மி.மீ. இருக்கலாம். ஹெட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சில சுற்றுகளில் இறுக்குங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தம் தெரியும்வரை விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள். கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு) புதிதென்றால், கிளம்பியதும் ஐடிலில் விடாமல் 20 நிமிடம் 2000 ஆர்பிஎம் அளவில் ஓடட்டும். பிறகு முழுக்க ஆறவிட்டு ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் பார்த்து, அதன் பின்னரே வால்வு இடைவெளியைச் சரிசெய்யுங்கள்.