கோமாரி ஊசி போட்டும் நோய் வருகிறதே, ஆராய்ச்சி எதைத் தேட வேண்டும்?

கேள்வி: "மாடுகளைக் கொன்ற வெக்கை (ரிண்டர்பெஸ்ட்) நோயை அடியோடு ஒழித்தோம். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி போட்டும் அது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? ஆராய்ச்சிப் பணம் முதலில் எதற்குப் போக வேண்டும்?"

இப்போது போடும் ஊசி மாட்டின் உடம்பில் என்ன செய்கிறது என்று அளப்பதற்குத்தான் முதலில் போக வேண்டும். புதுத் தடுப்பூசி அதற்கு அடுத்தது.

வெக்கை வேறு ரகம். அந்த வைரஸில் ஒரே சீரோடைப்தான், அதாவது உடம்பின் எதிர்ப்பு தனித்தனியாக அடையாளம் காணும் வகை ஒன்றே ஒன்றுதான். வீரியம் குறைத்த உயிருள்ள தடுப்பூசியை ஒரு முறை போட்டால் ஆயுசுக்கும் காவல். பிழைத்த மாடு வைரஸைச் சுமந்து திரியாது. சூடு தாங்கும் ஊசியும் கிடைத்தது. 2011இல் உலகமே அதிலிருந்து விடுபட்டது. கோமாரியில் ஏழு சீரோடைப். நம் நாட்டு ஊசியில் ஓ, ஏ, ஆசியா-1 மூன்றும் இருக்கின்றன, ஏனென்றால் ஒன்றுக்கு எதிரான காவல் இன்னொன்றுக்கு உதவாது. அதுவும் செத்த வைரஸ் ஊசி, காவல் சில மாதங்களுக்குத்தான். குணமான மாட்டின் தொண்டையில் மூன்றரை வருஷம் வரைகூட வைரஸ் தங்கியிருக்கலாம்.

2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 2030க்குள் கோமாரியை ஒழிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அதற்கு "எத்தனை மாட்டுக்குப் போட்டோம்" என்ற கணக்கு மட்டும் போதாது. ஒரு ஊரில் 100 மாடு, 90க்கு ஊசி போட்டாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பத்துக்கு ஏழு மாட்டில்தான் போதிய எதிர்ப்பு உண்டானது என்றால் காவலில் இருப்பவை 63தான். பதிவேட்டில் 90 என்றே நிற்கும். அடுத்த சுற்று வருவதற்குள் பிறக்கும் கன்றுகளும், சந்தையிலிருந்து வாங்கி வரும் மாடுகளும் அந்த 63ஐ இன்னும் கீழே இழுக்கும்.

இடையில் எங்கே நழுவுகிறது? முதல் சந்தேகம் குப்பியின் மேல்தான். ஊசிமருந்தில் வேலை செய்வது வைரஸின் முழுத் துகள். ஆய்வகத்தில் 146எஸ் என்பார்கள். சூடு பட்டாலோ அமிலத்தன்மை ஏறினாலோ அது 12எஸ் துண்டுகளாக உடைந்துவிடும். அந்தத் துண்டுகளால் உண்டாகும் எதிர்ப்பு மிகச் சொற்பம். குப்பியைத் தூக்கிப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, அதே பால் வெள்ளைதான். மூன்றில் ஓ வகைத் துகள்தான் சூட்டுக்குச் சீக்கிரம் உடைவது, நம் நாட்டில் நோயைக் கிளப்புவதில் பெரும்பங்கும் அதே ஓ வகைக்குத்தான்.

2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கோடு குப்பி ஒட்டிக் கிடந்தால் மருந்தில் உள்ள எண்ணெய்க் கலவை பிரிந்துபோகும். நடுவில் செய்தித்தாளைச் சுற்றி வைத்தால் தப்பும். ஆராய்ச்சி இங்கே செய்ய வேண்டியது எளிது, ஆனால் செலவு பிடிக்கும்: மாவட்டக் கிடங்கு, மருந்தகக் குளிர்பெட்டி, மதியம் பன்னிரண்டு மணிக்குத் தொழுவத்தில் திறந்த ஐஸ் பெட்டி என ஒவ்வொரு படியிலும் குப்பி எடுத்து 146எஸ் அளவைப் பார்ப்பது. சூடு தாங்கும் துகளை வடிவமைக்கும் வேலையை இங்கிலாந்தில் விலங்கு வைரஸ்களை ஆராயும் பிர்பிரைட் நிலையம் மற்றவர்களோடு சேர்ந்து 2013இலேயே வெளியிட்டது. நமக்கு மிகவும் வேண்டிய திசை அது. ஆனால் எந்தப் படியில் எவ்வளவு இழக்கிறோம் என்பது தெரியாமல் அதன் பலனைக்கூட மதிப்பிட முடியாது.

அடுத்தது சீரம் பரிசோதனை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில் எதிர்ப்பு அளவைப் பார்ப்பது. காதில் 12 இலக்க அடையாளத் தோடு போட்ட அதே மாட்டிடம், ஊசி போடும் அன்றும் 28 முதல் 30 நாள் கழித்தும் ரத்தம் எடுக்க வேண்டும். உறையாமல் தடுக்கும் மருந்து இல்லாத குழாயில் 5 மி.லி. போதும். நிழலில் உறையவிட்டுச் சீரத்தைப் பிரிக்க வேண்டும். வண்டியில் குலுங்கினால் சிவந்து கெட்டுவிடும். இதில் பெரிய தவறு நேர்வது முடிவைப் படிக்கும்போதுதான். ஏழெட்டு முறை ஊசி போட்ட கறவை மாட்டுக்கு முதல் நாளே எதிர்ப்பு அளவு உயர்ந்துதான் இருக்கும். அதை 30ஆம் நாள் பார்த்து இந்தத் தொகுதி மருந்து நன்றாக வேலை செய்தது என்றால் அது தப்புக் கணக்கு. முதல் ஊசி போட்ட கன்றுகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் மருந்தின் தரம் தெரியும்.

கன்று விஷயத்திலேயே இன்னொரு கேள்வி தொங்குகிறது. நாலாம் மாதம் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது என்பது விதி. அடிக்கடி ஊசி போட்ட தாயின் சீம்பாலில் எதிர்ப்புப் பொருள் நிறைய வரும், அது கன்றின் ஊசியையே முடக்கும். நம் கலப்பினக் கன்றுகளுக்கு எந்த வயது சரி என்று மாவட்டவாரியாகப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது ஊசி நடைமுறையில் அதிகம் தவறிப்போவதையும் சேர்த்துத்தான்.

இனி வைரஸ். நம் ஊசியில் உள்ள ஓ ரகம் 1975இல் எடுத்தது, ஆசியா-1 1972, ஏ 2000. பழசு என்பதாலேயே குற்றமில்லை. இப்போது ஊரில் பரவும் வைரஸோடு பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. ஊசி போட்ட மாட்டின் சீரம் ஊசி வைரஸை அடக்கும் அளவோடு ஒப்பிட்டு, ஊர் வைரஸை எவ்வளவு அடக்குகிறது என்று பார்ப்பார்கள். அந்த விகிதம் 0.3க்குக் கீழே போனால் பொருத்தமில்லை. இதைப் புவனேஸ்வரில் உள்ள தேசியக் கோமாரி நிறுவனம் செய்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேரும் மாதிரியில் வைரஸ் உயிரோடு இருக்க வேண்டுமே! உடையாத அல்லது அப்போதுதான் உடைந்த நாக்குக் கொப்புளத்தின் தோல் ஒரு கிராம், கிளிசரினும் பாஸ்பேட் கரைசலும் சரிபாதி கலந்து அமில-கார அளவு (பி.எச்.) 7.2 முதல் 7.6 வரை உள்ள திரவத்தில், ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் போட்டால் தீர்ந்தது. படிகாரத் தண்ணீரில் வாயைக் கழுவிய பிறகு எடுத்தாலும் பயனில்லை, அமிலத்தில் இந்த வைரஸ் நிற்காது. தோலை எடுத்துவிட்டுத்தான் மருந்து.

ஆடுகளைப் பற்றிய ஆராய்ச்சி ரொம்பவே பின்தங்கியிருக்கிறது. செம்மறியில் லேசான நொண்டலோடு போய்விடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஊசியால் வந்த எதிர்ப்பா, நோயால் வந்த எதிர்ப்பா என்று பிரித்துக் காட்டும் 3ஏபிசி பரிசோதனையைக் கிடை ஆடுகளில் ஆண்டுதோறும் செய்தால் மறைந்து திரியும் நோய் வெளிப்படும்.

சந்தையும் அப்படித்தான். பொள்ளாச்சிச் சந்தையில் இறங்கும் மாடு எந்த ஊரிலிருந்து வந்தது, கேரளத்தில் எங்கே போகிறது என்று தோடு எண்ணை வைத்து ஒரு வருஷம் தொடர்ந்து பதிந்தாலே எந்தச் சந்தைக்கு முன்னால் ஊசி போட்டால் பலன் அதிகம் என்று கணிக்கலாம். லாரித் தளத்தைக் கழுவுவதையும் அங்கேயே சோதித்துப் பார்க்க வேண்டும். 4 சதவீதச் சலவைச் சோடாக் கரைசல் என்று எழுதிவிடுகிறோம். நீரற்ற தூள் என்றால் லிட்டருக்கு 40 கிராம் சரி. கண்ணாடி போன்ற படிகம் என்றால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர், லிட்டருக்குச் சுமார் 108 கிராம் போட வேண்டும். சாணத்தைச் சுரண்டி எடுக்காமல் தெளித்தால் எந்த அளவிலும் வேலை செய்யாது.