வைஃபை இணைந்துவிட்டது, ஆனால் உள்நுழைவுப் பக்கம் வரவில்லை: லினக்ஸில் என்ன செய்வது?

ரயில் நிலையத்திலோ விடுதியிலோ உபுண்டு மடிக்கணினி வைஃபையில் இணைந்ததாகக் காட்டுகிறது. எந்தத் தளமும் திறக்கவில்லை, ஓடிபி கேட்கும் பக்கமும் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் வைஃபை டிரைவரில் கோளாறு இருக்காது.

இத்தகைய வலையமைப்புகள் நீங்கள் முதலில் கேட்கும் பக்கத்தை இடைமறித்து, தங்கள் உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடும். தகவலை மறையாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ் முகவரிகளை அப்படித் திருப்ப முடியாது. பிரவுசர் சான்றிதழ் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் எச்டிடிபிஎஸ்தான். அதனால் மறையாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபியில் இயங்கும் நெவர்எஸ்எஸ்எல்.காம் தளத்தைத் திறந்து பாருங்கள். அநேகமாக அதிலேயே வேலை முடிந்துவிடும்.

வராவிட்டால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையின் அமைப்பைப் பாருங்கள். 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்ற பொது டிஎன்எஸ் முகவரியை நீங்களே நிரந்தரமாக வைத்திருந்தால், அந்த இணைப்புக்கு மட்டும் தானியங்கிக்கு மாற்றுங்கள். பயர்பாக்ஸின் பாதுகாப்பான டிஎன்எஸ், உங்கள் இணையப் போக்குவரத்தை மறையாக்கி வேறொரு சேவையகம் வழியாக அனுப்பும் விபிஎன் இரண்டையும் உள்நுழையும் வரை அணைத்து வையுங்கள். உள்ளே போனதும் விபிஎன்னை மறக்காமல் திரும்பப் போடுங்கள். பூட்டுச் சின்னம் இல்லாத வைஃபையில் அது அவசியம் என்றே சொல்வேன்.

நிரலாளர்களுக்கு ஒன்று: செயலிகளைத் தனித்தனிக் கொள்கலன்களில் இயக்கும் டாக்கர் மென்பொருள் வழக்கமாக 172.17 எனத் தொடங்கும் முகவரிகளை எடுத்துக்கொள்ளும். வைஃபையும் அதே வரம்பில் இருந்தால் உள்நுழைவுப் பக்கத்துக்கான கோரிக்கை கணினியை விட்டு வெளியே போகவே போகாது. டாக்கர் சேவையை நிறுத்தினால் மட்டும் போதாது. அது உருவாக்கிய டாக்கர்0 என்ற மெய்நிகர் வலை இடைமுகத்தையும் நீக்க வேண்டும்.

டெபியன் என்ற லினக்ஸ் வகையில் உள்நுழைவுப் பக்கத்தைக் கண்டறியும் சோதனைக்கான அமைப்பு தனிப் பொதியாக இருக்கிறது. பயணத்துக்கு முன்பே வீட்டில் நிறுவிக்கொள்ளுங்கள்.