ப்ராடக்ட் கீயைக் குறை சொல்லும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

கேள்வி: விண்டோஸ் 10 உள்ள எங்கள் பழைய டெஸ்க்டாப்பில் இலவச ஆன்டிவைரஸ் ஒன்று இருந்தது. அதை நீக்காமல், கடையில் வாங்கிய வேறொன்றை இன்ஸ்டால் செய்தேன். கணினி மிகவும் மெதுவாகிவிட்டது. ஆக்டிவேட் செய்தால் ‘சர்வரைத் தொடர்புகொள்ள இயலவில்லை’ என்று வருகிறது. பெட்டியில் இருந்த கீ போலியா?

பதில்: இந்தச் செய்தியை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது, கீ இன்னும் சோதனைக்கே போய்ச் சேரவில்லை என்றுதான் இதற்குப் பொருள். இணைய இணைப்பு சரியாக இருந்தால், திரையின் வலது கீழ் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். பழைய கணினிகளில் மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மீண்டும் போடும்போது தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அப்போது, குறிப்பிட்ட தேதிகளுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரிவதால் இணைப்பே மறுக்கப்படும். பிரவுசரிலும் பல தளங்கள் சான்றிதழ் பிழை காட்டினால் காரணம் பெரும்பாலும் இதுவே. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்யுங்கள்.

மெதுவாவதற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு ஃபைலைத் திறக்கும்போதும் இரண்டு ஆன்டிவைரஸ்களும் குறுக்கே நின்று தனித்தனியே சோதிக்கின்றன. செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குச் சென்று பழையதை நீக்கி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்படியும் எச்சங்கள் தங்கினால், அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியைப் பயன்படுத்தலாம். மெக்காஃபி, நார்ட்டன் போன்றவை அதை இலவசமாகவே தருகின்றன. விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரை நீங்கள் கைவைத்து அணைக்க வேண்டியதில்லை. புதியது முறையாகப் பதிவானதும் அது தானே ஒதுங்கிக்கொள்ளும்.

அதன் பிறகே கீயை உள்ளிடுங்கள். பூஜ்ஜியத்தையும் ஆங்கில ‘ஓ’ எழுத்தையும், எட்டையும் ‘பி’ (B) எழுத்தையும் மாற்றி அடிப்பது அன்றாடம் நடக்கும் பிழை. அப்போதும் ஆக்டிவேட் ஆகாவிட்டால், பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டுமே அழையுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்களில் மோசடி எண்களும் கலந்திருக்கின்றன. அவற்றில் பேசும் மோசடிக்காரர்கள், தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொல்லி, கணினியையே தம் கைக்குள் கொண்டுவந்துவிடுவார்கள்.

ஆக்டிவேட் ஆனவுடன் அப்டேட் செய்து, முழு ஸ்கேன் ஒன்றை ஓடவிடுங்கள். முதல் முறை சில மணி நேரம் பிடிக்கலாம். மென்பொருள் விழித்திருக்கிறதா என்று பார்க்க, ஐகார் எனப்படும் 68 எழுத்துகள் கொண்ட, தீங்கற்ற சோதனை ஃபைலை அதே பெயருள்ள அமைப்பின் தளத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். உடனே தடுக்கப்பட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் தருவது, 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இயங்குதளத்தில் உள்ள ஓட்டைகளை எந்த ஆன்டிவைரஸாலும் அடைக்க முடியாது என்பதால், அடுத்த ஆண்டு உரிமத்தைப் புதுப்பிக்கும் முன், இந்தக் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பார்த்துவிடுங்கள்.