குதிரை இருக்கட்டும், அத்தைகள் எங்கே?

கோவை வாசகி ஒருவர் வக்கீலான எனக்கு ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இது:

தாத்தா மில் முதலாளி. 1958-இல் ஓசூர் பக்கம் சொந்தச் சம்பாத்தியத்தில் 24 ஏக்கர் வாங்கி, லாயம் கட்டி, தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரை வளர்க்க ஆரம்பித்தார். கிண்டி, ஊட்டி, பெங்களூர் என்று மூன்று மைதானங்களிலும் குடும்பக் குதிரைகள் ஓடியிருக்கின்றன. 1985-இல் தாத்தா உயில் எழுதாமல் இறந்தார். அப்பா தொடர்ந்தார். 2009-இல் அப்பாவும் அண்ணனும் பாதிக்குப் பாதி கூட்டாண்மைப் பத்திரம் போட்டு, குதிரைகளை அந்த நிறுவனத்தின் கணக்கில் சேர்த்தார்கள். 2024 ஜனவரியில் அப்பாவும் உயில் இல்லாமலே போய்விட்டார். இருப்பவர்கள் அம்மா, அண்ணன், வாசகி, தங்கை. பதினொரு குதிரைகளையும் அண்ணன் தன்னுடையவை என்கிறார். அப்பா உயிராக வளர்த்த பெண் குதிரையை விற்றுவிட்டார். அப்பா இறந்த பிறகு பிறந்த குட்டியைத் தன் பேரில் மட்டும் பதிந்துகொண்டார். தாத்தா காலத்து ஜாக்கிச் சட்டை நிறத்தையே மாற்றிவிட்டார். வெள்ளிக் கோப்பைகள் அவர் வீட்டு வரவேற்பறையில். “ரேஸ் காசு சூதாட்டக் காசு, அதைக் கேட்டு நீ கோர்ட்டுக்கே போக முடியாது” என்றும் சொல்கிறார். வழக்குப் போடலாமா?

அம்மா, உங்கள் ஒன்பது பக்கத்தில் ஏழு பக்கம் குதிரை. நிலத்துக்கு அரைப் பக்கம். அதற்குள் ஒரே ஒரு வரி: “அத்தைகள் இருவரும் அந்தக் காலத்திலேயே சீர்வரிசையோடு போய்விட்டார்கள், அவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.” உங்கள் வழக்கு மொத்தமும் அந்த வரியில்தான் இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் குதிரைகளை லாயத்தில் கட்டிவிடுவோம்.

சட்டை நிறம், கோப்பை இரண்டையும் மறந்துவிடுங்கள். வெள்ளி எடைக்கு விலை உண்டு, பாகப்பிரிவினையில் வரும். உங்கள் வருத்தத்துக்கு விலை போட நீதிமன்றத்தில் தராசு இல்லை. கிண்டி போனதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். 1945-இல் ரேஸ் கிளப்புக்குப் போட்ட 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம், 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்தது. அதே ஆண்டு ஊட்டி மைதானத்தையும் வாடகைப் பாக்கியைக் காட்டி எடுத்துக்கொண்டது. அது அரசுக்கும் கிளப்புக்குமான சண்டை, உங்கள் குடும்பச் சண்டையில் அதற்கு இடமில்லை. அண்ணனின் ‘சூதாட்டக் காசு’ பேச்சும் வெற்று மிரட்டல். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த போட்டிதான் என்று லட்சுமணன் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லும் ஒப்பந்தச் சட்டம் 30-ஆம் பிரிவே, குதிரைப் பந்தயத்தில் ஜெயிப்பவருக்கான 500 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட பரிசுக்கு விலக்குத் தருகிறது. 1872-ஆம் ஆண்டுச் சட்டம் அது. துரைமார்கள் தங்கள் பொழுதுபோக்கை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

குதிரைகளில் உங்களுக்கு என்ன இருக்கிறது? பதினொரு குதிரைகளில் ஒரு குளம்புகூட உங்களுடையது இல்லை. அவை நிறுவனத்தின் சொத்து. இரண்டே கூட்டாளிகள் உள்ள நிறுவனம், ஒருவர் இறந்த அன்றே கலைந்துவிடும். வாரிசுகளுக்குக் கிடைப்பது கணக்குக் கேட்கும் உரிமை மட்டும். முதலில் வெளிக்கடன் தீர வேண்டும்: ட்ரெய்னர் பில், தீவனக் கடை, கால்நடை மருத்துவர். மிச்சத்தில் பாதி அப்பாவுடையது. அதில் கால் பங்கு உங்களுக்கு. ஆக, நிகர மதிப்பில் எட்டில் ஒன்று. கலைந்த நிறுவனத்தின் கணக்கை முடிக்க, உயிரோடு இருக்கும் கூட்டாளி சொத்தை விற்கலாம் என்பதால், அந்தப் பெண் குதிரையை விற்றதைக் குற்றம் என்று நிரூபிப்பதும் சிரமம். விற்ற பணம் கணக்குக்கு வர வேண்டும், அவ்வளவுதான். குட்டி விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒப்படைத்த பசு கன்று போட்டால் கன்றையும் சேர்த்துத்தான் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டம் 163-ஆம் பிரிவில் உதாரணமே இருக்கிறது. அந்த நியாயம் குதிரைக்குட்டிக்கும் பொருந்தும். குட்டியும் நிறுவனக் கணக்கில்தான் வர வேண்டும்.

கணக்கு முடிக்காமல் நிறுவனச் சொத்தை வைத்துத் தொழிலைத் தொடர்ந்தால், இறந்தவரின் வாரிசுகள் லாபத்தில் பங்கு கேட்கலாம், அல்லது அப்பாவின் பங்குத் தொகைக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி கேட்கலாம். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். வட்டியையே கேளுங்கள். பந்தயக் குதிரைத் தொழிலில் லாபக் கணக்கு பார்த்தவர்களைவிட நஷ்டக் கணக்கு பார்த்தவர்களைத்தான் நான் அதிகம் சந்தித்திருக்கிறேன். குதிரை வைத்திருந்து வரும் நஷ்டத்தை மில் வருமானத்திலோ வாடகையிலோ கழிக்க வருமான வரிச் சட்டம் விடாது. குதிரை வருமானத்தில் மட்டும், அதுவும் நான்கு ஆண்டுக்குள் கழித்தாக வேண்டும். பழைய வரிக் கணக்குகளை ஆடிட்டரிடம் வாங்கிப் பார்த்தால் புரிந்துவிடும். அப்புறம், கிளப் தரும் பரிசுப் பணத்துக்கு ஊற்று பந்தயம் கட்டுகிறவர்களின் காசு. அதன் மீது முன்பு 28 சதவீதம் ஜிஎஸ்டி, 2025 செப்டம்பரிலிருந்து 40. இனிமேல் குதிரைப் பங்குக்காக யாரிடமும் மல்லுக்கட்டாதீர்கள்.

கணக்குக் கேட்கும் வழக்குக்குக் கெடு மூன்று ஆண்டு, அப்பா இறந்த நாளிலிருந்து. அதாவது 2027 ஜனவரி. இதை மட்டும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

சரி, நிலம்.

ஓசூர் பக்கம் 24 ஏக்கர். என்ன விலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அவர் உங்களிடம் கையெழுத்துக் கேட்கும், உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தின் நகலை இன்னொரு முறை படியுங்கள்: “குதிரைகள் மற்றும் அவை சார்ந்த அசையும் அசையா சொத்துகள் அனைத்திலும்.” அந்த ‘அசையா’ என்ற ஒரு சொல்லுக்காகத்தான் மற்ற பத்துப் பக்கமும். லாயம் நிலத்தின் மேல்தான் நிற்கிறது. “கோப்பையைத் தருகிறேன், கையெழுத்துப் போடு” என்று கேட்டால், நிலத்தை எடுத்துக்கொண்டு வெள்ளியைக் கொடுக்கிறார் என்று பொருள்.

நிலத்தில் நால்வரில் ஒருவராக உங்களுக்குக் கால் பங்கு, ஆறு ஏக்கர் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். தப்பு. நிலம் அப்பா வாங்கியதில்லை, தாத்தா வாங்கியது. அவர் 1985-இல் உயில் இல்லாமல் இறந்த அன்று, இந்து வாரிசுரிமைச் சட்டம் 8-ஆம் பிரிவின்படி மனைவிக்கும், மகனுக்கும், இரண்டு மகள்களுக்கும் சம பங்கு வந்துவிட்டது. பாட்டியும் பிறகு இறந்ததால் அவர் பங்கும் மூன்று பிள்ளைகளுக்குப் போனது. அப்பாவுக்கு மூன்றில் ஒன்று. அதாவது எட்டு ஏக்கர். அதை நால்வர் பிரித்தால் உங்களுக்கு இரண்டு ஏக்கர். ஆறு இல்லை, இரண்டு.

சீர் செய்து கட்டிக்கொடுத்தது பங்கு கொடுத்ததாகாது. பட்டா அப்பா பேரில் இருந்தது, கிஸ்தி அப்பா கட்டினார், நாற்பது ஆண்டு அப்பா அனுபவித்தார் என்பீர்கள். கூட்டு உரிமையாளர் ஒருவரின் அனுபவம் எல்லோருக்குமான அனுபவம்தான். “உனக்குப் பங்கு கிடையாது” என்று அவர்கள் முகத்துக்கு நேரே மறுத்து, அதன் பிறகு 12 ஆண்டு கழிந்திருந்தால் வாதாடிப் பார்க்கலாம். ஆனால் உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள், ஒவ்வொரு கோடையிலும் பண்ணை மாம்பழம் இரண்டு கூடை பெரிய அத்தை வீட்டுக்கும் சின்ன அத்தை வீட்டுக்கும் போகும், அப்பா கடைசி ஆண்டுவரை அதை நிறுத்தவில்லை என்று. அப்பாவின் பாசத்துக்குச் சாட்சியாக எழுதினீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கையில் கிடைத்தால் அத்தைகளின் உரிமையை அப்பா ஒருநாளும் மறுக்கவில்லை என்பதற்குச் சாட்சியாகிவிடும்.

இதில்தான் என்னிடம் வந்த பலர் வழுக்கி விழுந்தார்கள். அண்ணன் மேல் உள்ள கோபத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போடுவார்கள். அண்ணனை மட்டும் பிரதிவாதியாகச் சேர்ப்பார்கள். இத்தனை காலம் அத்தைகளைப் பற்றி வாய் திறக்காத அண்ணன், எதிர்வாதவுரையின் முதல் பத்தியிலேயே “தேவையான தரப்பினரைச் சேர்க்கவில்லை” என்று எழுதுவார். அவருடைய பங்கும் குறையும், தெரிந்துதான் எழுதுவார். வழக்கு அதோடு நின்றுவிடும். பிறகு அத்தைகளைச் சேர்க்க மனு. ஒரு அத்தை இறந்துவிட்டார் என்கிறீர்கள். அவருடைய பிள்ளைகளுக்குச் சம்மன், அதில் ஒருவர் வெளிநாட்டில். ஆறு ஏக்கர் கேட்டுப் போன வழக்கில் இரண்டு ஏக்கருக்கு, யாருக்கு எவ்வளவு பங்கு என்று மட்டும் சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை வாங்கவே பல ஆண்டுகள். அதற்குள் அண்ணனோடு இருக்கும் அம்மா தன் பங்கை அவருக்கே செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருப்பார். அம்மாவைக் குறை சொல்லவில்லை. சோறு போடும் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பது ஊரில் நடப்பதுதான், சட்டமும் தடுக்காது.

குதிரைகளையும் அந்த வழக்கில் இழுத்தால் இன்னும் மோசம். விற்கக்கூடாது, மாற்றக்கூடாது என்று தடையாணை வாங்கிவிடலாம், சந்தோஷமாகவும் இருக்கும். ஆனால் தடையாணை போட்டால் குதிரை தின்பதை நிறுத்தாது. பயிற்சியில் உள்ள ஒரு குதிரைக்கு மாதம் ஐந்திலக்கச் செலவு. உரிமையில் தகராறு என்று கிளப்புக்குக் கடிதம் போனால் அதை ஓட விடுவதற்கே யோசிப்பார்கள். தரோபிரெட்டுக்கு இரண்டு வயதில் தொடங்கி நாலைந்து வருஷம்தான் ஓட்டம். பெண் குதிரைக்குச் சினைக்காலம் பதினொரு மாதம், செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியை ஸ்டட் புக் என்ற இனப் பதிவேட்டில் ஏற்கவே மாட்டார்கள். பொலிகுதிரையிடம் அனுப்ப முடியாமல் ஒரு பருவம் தவறினால் ஒரு வருஷம் போயிற்று. நிலம் வழக்கு முடியும்வரை காத்திருக்கும். குதிரை கிழடாகும். சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவரைக் கேட்பேன் என்கிறீர்கள். ரிசீவராக வருவது என்னைப் போல ஒரு வக்கீல். எனக்குக் குதிரையின் முன்பக்கம் எது என்று தெரியும், அதற்கு மேல் தெரியாது. செலவை யார் கட்டுவது என்று அவர் போடும் முதல் மனுவில் எட்டில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழும்.

இன்னொன்று. அப்பா பந்தயம் கட்டி ஜெயித்த ரொக்கம் பூஜை அறை அலமாரியில் எவ்வளவு இருந்தது, அண்ணன் எப்படி எடுத்தார் என்று ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதை யோசிக்காமல் பிராதில் எழுதிவிடாதீர்கள். பந்தயம் கட்டி ஜெயித்த பணத்துக்குச் செலவு எதுவும் கழிக்காமல் 30 சதவீத வரி. அப்பா அதைக் கணக்கில் காட்டினாரா என்று உங்களுக்குத் தெரியாது. பிராதில் நீங்கள் எழுதுவது உங்கள் ஒப்புதல். இறந்தவரின் வரிப் பாக்கி அவர் விட்டுப் போன சொத்தின் அளவுக்கு வாரிசுகளைத் தேடி வரும், உங்களையும் சேர்த்து. முதலில் ஆடிட்டரிடம் காட்டுங்கள், காட்ட வேண்டிய வருமானமாக இருந்தால் அதற்கான வழியை அவர் சொல்வார். அண்ணனை மாட்டிவைக்க நினைத்துத் தன் வீட்டு வாசலில் தானே நோட்டீஸ் ஒட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

“தாத்தாவின் வாரிசுச் சான்றிதழில் அத்தைகள் பெயர் இல்லாமல் வாங்க முடியுமா” என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கேட்டதை நான் மறந்துவிடுகிறேன். நீங்களும் மறந்துவிடுங்கள். அது சிவில் வழக்கை கிரிமினல் வழக்காக மாற்றும் வேலை.

என் கருத்து இதுதான்: சமாதானமாகப் போங்கள். பயந்து அல்ல, உங்கள் கையில் சீட்டு இருக்கிறது என்பதால். அண்ணனுக்கு அந்த நிலத்தை விற்கவோ கடன் வாங்கவோ வேண்டுமென்றால், எந்த வாங்குபவரின் வக்கீலும் வில்லங்கச் சான்றிதழைப் பார்த்த உடனே தாத்தாவின் வாரிசுகள் யார் என்றுதான் கேட்பார். அத்தைகளின் கையெழுத்து இல்லாமல் 24 ஏக்கரும் அண்ணனுக்கு வெறும் காகிதம்தான். ஆகவே எல்லோரும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். குதிரை, குட்டி, சட்டை நிறம், வரப்போகும் பரிசுப் பணம் எல்லாம் அண்ணனுக்கே; பதிலுக்கு நிறுவனத்தின் எந்தக் கடனும் உங்களையும் தங்கையையும் தொடாது என்று அவர் எழுத்தில் பொறுப்பேற்க வேண்டும். நிலத்தில் அத்தைகளுக்கு உரியதை நிலமாகவோ பணமாகவோ கொடுத்து, மிச்சத்தை அளந்து, சர்வே எண்ணோடு பாகப் பத்திரம். “பேசி முடித்துவிட்டோம்” என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது வேண்டாம். ஏற்கெனவே நடந்துவிட்ட வாய்மொழி ஏற்பாட்டைக் குறித்துவைக்கும் தாளுக்குப் பதிவு தேவையில்லை என்று தீர்ப்பு உண்டு, ஆனால் அந்தத் தாளே உரிமையைப் பிரித்துக் கொடுத்தால் பதிவு செய்தாக வேண்டும். இந்த நூலிழை வித்தியாசத்தில் பல குடும்பங்கள் உயர் நீதிமன்றம்வரை போய்வந்துவிட்டன. பதிவு செய்துவிடுங்கள். தங்கையும் அம்மாவும் அதே பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், தனித்தனியாக அல்ல.

2026 அக்டோபர்வரை பேச்சு நகரவில்லை என்றால் நிறுவனக் கணக்குக் கேட்டு அண்ணனுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். நோட்டீஸ் கெடுவை நீட்டிக்காது, வழக்கு ஜனவரிக்குள் தாக்கலாகிவிட வேண்டும். அதற்கு முன்னால் பெரிய அத்தையைப் போய்ப் பாருங்கள். வக்கீலைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மாம்பழக் கூடை போன ஆண்டு அவர் வீட்டுக்குப் போனதா என்று கடிதத்தில் சொல்லவில்லையே?