மழைநீர் சேகரிப்புக்குப் புது வடிகட்டி வடிவமைக்க எங்கிருந்து தொடங்குவது?

கடைசி வருட ப்ராஜெக்டுக்கு மொட்டைமாடி மழைநீரை வடிகட்ட ஒரு புதுக் கருவி செய்யப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் வரைய உட்காரும் முன், ஏற்கெனவே இருப்பவை ஏன் வேலை செய்யவில்லை என்று போய்ப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. அதனால் சென்னையில் எந்தத் தெருவுக்குப் போனாலும் பார்க்க ஏதாவது இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்த வேலையைப் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், வடிகட்டி மோசமாக இருந்ததால் வீணான அமைப்புகள் குறைவு. மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் குழியில் போட்ட ஜல்லியும் மணலும் வண்டல் ஏறி இறுகிக் கிடக்கும். குழிக்கு மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். மாடிக் குழாயைத் தெருக் கால்வாய்க்குத் திருப்பியிருப்பார்கள். குழி எங்கே என்று கேட்டால் வாட்ச்மேனுக்கே தெரியாது. இதற்கெல்லாம் புதுச் சல்லடை என்ன செய்யும்?

மண்ணும் முக்கியம். பெசன்ட் நகர் மாதிரி கடலோர மணலில் சின்னக் குழியே தண்ணீரை உறிஞ்சிவிடும். களிமண் உள்ள இடத்தில் அதே குழியில் தண்ணீர் அப்படியே தேங்கி நிற்கும். களிமண்ணைத் தாண்டி உறைகிணறு இறக்க வேண்டும்.

அப்புறம் கணக்கு. 100 சதுர மீட்டர் மாடியில் 1 மி.மீ. மழை பெய்தால் 100 லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால் 5,000 லிட்டர். அத்தனையையும் உங்கள் வடிகட்டி அந்த ஒரு மணி நேரத்துக்குள் விட்டாக வேண்டும், இல்லையென்றால் மாடியில் தண்ணீர் தேங்கும், மறுநாளே யாராவது அதைக் கழற்றி எறிவார்கள். கல்லூரி லேபில் வாளியால் ஊற்றிப் பார்த்தால் இந்தச் சிக்கல் வெளியே வராது.

படிப்பதற்கு, கூரை மழைநீர் சேகரிப்புக்கான ஐ.எஸ். 15797 என்ற இந்தியத் தர வழிகாட்டியில் தொடங்குங்கள். சென்னை மந்தைவெளியில் மழை மையம் (Rain Centre) இருக்கிறது, மழைநீர் சேகரிப்பு மாதிரிகளை நேரில் பார்க்கலாம். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடல் இலவசம்தான். மாடி அழுக்கோடு வரும் முதல் மழைநீரை ஒதுக்கிவிடும் அமைப்பில் மட்டும் எத்தனை வகை என்று தேடிப் பாருங்கள், நீங்கள் யோசித்து வைத்திருப்பதும் அதில் இருக்கக்கூடும்.

பருவமழைக்கு முன்னால் குழி தூர்வார வருபவர்களிடம் கட்டாயம் பேசுங்கள். எந்த மூடியைத் தூக்க முடியவில்லை, எங்கே கை எட்டவில்லை, ஏன் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கேளுங்கள். ஒரே ஆள் மூடியைத் திறந்து வண்டலைச் சுலபமாக அள்ளிவிடக்கூடிய தொட்டியை நான் வேலை பார்த்த எந்தக் குடியிருப்பிலும் இதுவரை பார்த்ததில்லை. அதைச் செய்து கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது.