திருப்பூர் ஃபென்சிங் கிளப்: பி.டி. மாஸ்டரிடமிருந்து ஆரம்பியுங்கள்

வணக்கம் சார். 11 பிள்ளைகளோடு ஃபென்சிங் (வாள்வீச்சு) கிளப் நடத்துகிறேன், பள்ளிகள் இடம் தரவில்லை, பனியன் கம்பெனிகளும் கைவிரித்துவிட்டன என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை.

தலைமையாசிரியரிடம் நேரே போகாதீர்கள். முதலில் பி.டி. மாஸ்டரைப் பிடியுங்கள். அவருடைய பீரியடில் 20 நிமிடம் கேளுங்கள், போதும். களம் 14 மீட்டர் நீளம், அகலம் 2 மீட்டருக்குள்தான். நீளமான வராந்தாவில் சாக்பீஸால் கோடு போட்டுவிடலாம். பவானி தேவி 2004இல் சென்னையில் பள்ளியில்தான் தொடங்கினார், மூங்கில் குச்சியோடு. மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் இதில் சேர்ந்தவர்! ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய ஃபென்சிங் வீரர் அவர்தான். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம் கம்பெனிகள். பணமாகக் கேட்டால் நழுவுவார்கள். டீ-சர்ட், டிராக் பேண்ட் கேளுங்கள். உங்கள் ஊரில் அது பெரிய செலவே இல்லை. முதுகில் கம்பெனி பெயர் போடுங்கள். பள்ளிகளுக்குள் ஒரு நாள் போட்டி வைத்து, பரிசு கொடுக்க முதலாளியையே கூப்பிடுங்கள்.

ஆனால் முகக்கவசத்தையும் பாதுகாப்பு ஜாக்கெட்டையும் மட்டும் உள்ளூரில் செய்யக் கொடுக்காதீர்கள். தரச்சான்று உள்ளதையே வாங்குங்கள், கண் விஷயம். ஃபென்சிங்கின் மூன்று வாள் வகைகளில் ஒன்றான எப்பேயில் தொடங்கினால், குத்து பதிவாவதற்காக மேலே போடும் உலோக இழை ஜாக்கெட் (லாமே) தேவைப்படாது, அந்தச் செலவு மிச்சம்.